ஒன்பது மஞ்சள் தொப்பி

எனக்குப் பிறகு கந்தோரில் சேர்ந்த பிள்ளைகள் இருவர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். ஐந்து நாளில் இலங்கையைச் சுற்றிப் பார்க்கும் பயண ஒழுங்கு ஒன்றைக் கைத்தொலைபேசி எழுதிக் கொடுத்திருக்கிறது, சரி பிழை பார்த்துத் தரவேண்டும் என்றார்கள். பார்த்தேன். மட்டக்களப்பில் காலைச் சாப்பாடு, திருகோணமலையில் கோயில், சிகிரியாவில் மலை ஏறி இறங்கல், கண்டியில் இராச்சாப்பாடு. எல்லாம் ஒரே நாளில். ஒன்றுக்குப் போக ஐந்து நிமிடம்கூட ஒதுக்கவில்லை.

"இத எழுதினவருக்கு வயிறு, முழங்கால், முதுகு ஒண்டும் இல்லப்போல" என்றேன். சிரித்தார்கள். போகிற நேரத்தில் அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "உங்கட காலத்தில ஆரையாவது வழியில விட்டிட்டு வந்திருக்கிறீங்களா மிஸ்?"

இல்லை என்றேன். அது பொய். அவர்கள் போன பிறகு மனம் கேட்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். இருபத்தேழு வருட வேலையில் ஒரேயொரு ஆளை வழியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். ஒன்றரை மணித்தியாலம். போதாக்குறைக்கு, அவருடைய இருக்கையில் வேறு ஒருவரை ஏற்றிக்கொண்டும் போயிருக்கிறேன்.

பயணம் ஒழுங்கு செய்து கொடுக்கும் எங்கள் கந்தோர், மட்டக்களப்பு நகரில் வாவியைப் பார்த்தபடி இருந்த இரண்டு அறை. முதலாளி, போர்த்துக்கேய வழி வந்த பறங்கியர். எங்களுக்கு அவர் 'சேர்'. கடலுக்கும் வாவிக்கும் நடுவில், டச்சுபாரில் அவருடைய வீடு. மனைவி பெயர் டொறின். பிள்ளைகள் இல்லை. தமிழ் எங்களைப் போலவே பேசுவார், ஏசும்போது மட்டும் நாலு பாஷையும் வரும். நான் தட்டச்சுக்காரியாகச் சேர்ந்து பயண ஒழுங்கு எழுதுபவளாக ஆனதற்கு ஆறு வருடம் எடுத்தது. அந்த ஆறு வருடத்தில் நான் வாங்கிய ஏச்சை எழுதினால் பத்திரிகை தாங்காது.

சேர் ஒரு ஊரைத் தாளில் எழுதுவதற்கு முதல் அங்கே போய்வருவார். சும்மா போய்வருவதில்லை. பயணிகளை ஏற்றும் வானின் ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு மணித்தியாலம் இருந்து பார்ப்பார். கடைசி இருக்கையில் இடுப்பு நோகத் தொடங்கும் இடத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை தேடுவார். மத்தியானத்துக்கு முன் இரண்டு இடம், பின் ஒன்று, அதற்கு மேல் இல்லை. வயதானவர்கள் இருந்தால் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு கக்கூஸ். அதையும் உள்ளே போய்ப் பார்த்து, தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். "கோட்டையக் காட்டினதுக்கு ஒருத்தரும் நன்றி சொல்லமாட்டாங்க கமலா. கக்கூசக் காட்டினதுக்குச் சொல்லுவாங்க" என்பார்.

எல்லாவற்றிலும் பெரிய சட்டம் பெயர் கூப்பிடுவது. எங்கே இறங்கினாலும், திரும்ப ஏறியதும் தாளைப் பார்த்துப் பெயர் கூப்பிட வேண்டும். ஆளை எண்ணக்கூடாது. பெயருக்குரிய ஆள் தன் வாயால் 'ஓம்' என்று சொல்ல வேண்டும். பெண்சாதிக்குப் புருஷன் சொல்ல முடியாது. மூன்று தரம் கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் வான் அசையாது. "எண்ணுறதுக்கு ஆராவது ஒரு ஆள் போதும். பேருக்கு அந்த ஆள்தான் வேணும்" என்பது அவர் சொல்.

எனக்கு இது லேசில் வரவில்லை. எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். வயற்காரக் குடும்பம். நெற்கதிர்ச் சூடு மிதிக்கும் நாளில் களத்துக்குள் ஆளை ஆள் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டோம், பூதம் கேட்டுக்கொண்டிருக்கும். துறையிலும் அப்படித்தான். தண்ணீருக்குப் பெயர் தெரிந்தால் பிறகு தண்ணீர் கூப்பிடும் என்று சொல்லி வளர்த்தார்கள். வெளியூர்க்காரர் பாதை என்றால் வீதி என்று நினைப்பார்கள். எங்களுக்குப் பாதை என்பது வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் இரும்பு மிதவை. பாதையில் ஏறும்போது பயணிகள் வானை விட்டு இறங்கி நிற்க வேண்டும், அக்கரையில் திரும்ப ஏற வேண்டும். அங்கேதான் பெயர் கூப்பிட வேண்டும். நானோ வாய்க்குள்ளேயே கூப்பிடுவேன். ஒருநாள் மண்முனைத் துறையில் நான் முணுமுணுத்ததைக் கண்டு சேர் கத்தினார்: "நீ எனக்கு வேல செய்யிறியா, பூதத்துக்குச் செய்யிறியா?" அன்றிலிருந்து சத்தமாகக் கூப்பிடப் பழகிக்கொண்டேன். பயம் மட்டும் போகவில்லை.

சுனாமி வந்த அன்று சேர் ஊரில் இல்லை. நத்தார் விடுமுறைக்கு வந்த பதினாலு பேரோடு கண்டியில் நின்றார். செய்தி கேட்டதும் வேறு யாராவது என்றால் அவர்களை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்திருப்பார்கள். அவர் பதினாலு பேரையும் கொழும்பில் அவரவர் ஆட்களிடம் ஒப்படைத்து, பெயர் கூப்பிட்டு, பதினாலு 'ஓம்' வாங்கிக்கொண்டுதான் மட்டக்களப்புக்கு வந்தார். டச்சுபாரில் அவருடைய வீட்டின் கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது.

மக்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்துக்கு நானும் அவரோடு போனேன். ஒரு உத்தியோகத்தர் கதிரையில் ஏறி நின்று பட்டியலைப் பார்த்துப் பெயர் வாசித்துக்கொண்டிருந்தார். சிலதுக்கு எங்கேயாவது ஒரு கை உயரும். சிலதுக்கு ஒன்றும் இல்லை. மூன்று தரம் வாசித்துவிட்டு அடுத்ததுக்குப் போவார். டொறினுடைய பெயரையும் வாசித்தார். முதல் தரம், இரண்டாம் தரம். மூன்றாம் தரம் வாசிக்க வாயெடுக்கும்போது சேர் விறாந்தையால் இறங்கி வெளியே போய்விட்டார். உடல்களை வைத்திருந்த இடங்களுக்கும் அவர் போகவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு கந்தோரைத் திறந்தார். பழைய பயணத் தாள்களை எல்லாம் எடுத்து, கோடு இழுக்கும் இரும்பு அடிமட்டத்தை வைத்து, இல்லாமல் போன இடங்களைச் சிவப்பு மையால் வெட்டினார். இறால் கறி போடும் வீடு, கடற்கரை மடம், வாகரைப் பக்கம் முழுக்க. நேரங்களை மட்டும் வெட்டவில்லை. பத்து இருபதுக்கு ஒரு நிறுத்தம், முக்கால் மணித்தியாலம், இடம் இல்லை. அப்படிப்பட்ட தாள்களைக் கோப்பில் போடும்போது எனக்குக் கை கூசும். கடைசியாகச் சட்டங்கள் எழுதி ஒட்டியிருந்த மட்டையை எடுத்து, பெயர் கூப்பிடும் வரியையும் வெட்டினார். "இனிப் பேர் கூப்பிட வேணாம் கமலா. எண்ணு" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தானே வேண்டும். அவருக்குப் பதில் வராத பெயரைக் கேட்கப் பயம், எனக்குப் பெயரைக் கேட்கும் தண்ணீருக்குப் பயம். இரண்டு பயமும் ஒன்றுக்கொன்று வாய்ப்பாகப் பொருந்திவிட்டன. எண்ணுவதற்கு லேசாக இருக்கட்டும் என்று பயணிகளுக்கு மஞ்சள் துணித் தொப்பி கொடுக்கும் யோசனையும் நான் சொன்னதுதான்.

பிறகு நாட்டில் திரும்பவும் சண்டை. சுற்றிப் பார்க்க யார் வரப்போகிறார்கள்? மத்திய கிழக்குக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பஸ்ஸும் விமானச் சீட்டும் ஒழுங்கு செய்து கந்தோரை ஓட்டினோம். சண்டை முடிந்த அடுத்த வருடம்தான் வெளிநாட்டிலிருந்து எங்கள் ஆட்களே சுற்றுலாவுக்கு வரத் தொடங்கினார்கள்.

அப்படி வந்தவர்தான் கனடாவிலிருந்து ரமணன். குடும்பத்தோடு ஒன்பது பேர், தாயார் செல்வநாயகி அம்மாவும் சேர்த்து. ஐந்து நாள். மட்டக்களப்பு, திருகோணமலை, சிகிரியா, கண்டி, கொழும்பு. பொலன்னறுவையால் சுற்றினால் திருகோணமலைக்கே அரை நாள் போய்விடும். வாகரைக் கரையால் போனால் வீதி மோசம், ஆனாலும் கிட்ட. நான் தாளில் வாகரை என்று எழுதிக்கொண்டு போய் வைத்தேன். சேர் அந்தச் சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போய்ப் பாத்தியா?"

"பாத்தன் சேர்."

"துறையில கக்கூஸ் இருக்கா?"

இருந்தது. கூரையும் இல்லாமல், கதவும் இல்லாமல், நாலு சுவரில் இரண்டு இருந்தது. "இருக்கு சேர்" என்றேன். அது என் இரண்டாவது பொய். வரிசைப்படி பார்த்தால் அதுதான் முதலாவது.

வாகரைக்கு வடக்கே இருக்கும் அந்தத் துறையின் பெயரை நான் எழுதப்போவதில்லை, அங்கே உள்ளவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பகல் ஒரு மணி இருக்கும். முதல் நாள் பெய்த மழையில் கரை முழுக்கச் சேறு. ஓலைக் கொட்டில் ஒன்று, அதன் பக்கத்தில் பற்றைக்காடு. காற்று இல்லை. ஒரு காகம்கூட இல்லை என்பது எனக்கு அப்போதே படவில்லை, பிறகு நினைக்கும்போதுதான் பட்டது. பாதைக்காரர் கம்பிக் கயிற்றைப் பிடித்து மிதவையை இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பேச்சே இல்லாத மனிதர். வான் ஏறியது. எல்லோரும் வெயிலுக்குத் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நடந்து ஏறினார்கள். அக்கரையில் வானில் ஏறியதும் நான் முன்னால் நின்று தொப்பிகளை எண்ணினேன். ஒன்பது. "போகலாம் நானா" என்றேன்.

நானா என்றது எங்கள் சாரதி மஜீத் நானாவை. ஏறாவூர்க்காரர், பகிடிக்காரர், வான் ஓடினால் வாய் ஓயாது. அன்று கிரவல் வீதியில் அரை மணித்தியாலம் போயிருப்போம், அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. பின்னால் எல்லோரும் வெயில் களைப்பில் தூக்கம். திடீரென்று, வாயை அசைக்காமல் சொன்னார்.

"மிஸ், திரும்பிப் பாக்காதீங்க. கடைசிச் சீட்டுல ஜன்னலோட இரிக்கிற மனிசி ஆரு?"

"செல்வநாயகி அம்மா. வேற ஆரு?"

"அந்த அம்மா கல்லு வச்ச தோடு போட்டவ. இவட காதில ஒண்டுமில்ல. துறையிலிருந்து கண்ணாடியில என்னையே பாத்துட்டு இரிக்கிறா."

திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் தொப்பிக்குக் கீழே நான் ஒருநாளும் காணாத ஒரு முகம். மெலிந்த மனிசி, வெளிறிய சீலை. கைகளை மடியில் கட்டி, பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் வந்த பிள்ளை மாதிரி நேராக இருந்தாள். காலில் செருப்பு இல்லை, கணுக்கால் வரைக்கும் சேறு. வானை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பின்னால் போனேன்.

"நீங்க ஆர் அம்மா?"

"ஏறச் சொன்னீங்களே."

"நான் சொன்னனா?"

"எண்ணினீங்க. ஒன்பது எண்டீங்க." என்னை ஆறுதலாகப் பார்த்தாள். "மத்த வாகனத்தில எல்லாம் பேர் கூப்பிடுவாங்க. கேம்புக்கு வாற பஸ்ஸில, நிவாரணத்துக்கு வாற லொறியில. என்ட பேர் வராது. இறங்கிப்போயிருவன். நீங்க கூப்பிடல்ல. அதான் இருந்தன்."

அந்தச் சத்தத்தில் ரமணன் விழித்துக்கொண்டார். "அம்மா எங்க?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மிஸ், எங்கட அம்மா எங்க?" அந்தக் கேள்வியை இன்றைக்கும் நான் காதால் கேட்கிறேன். அவள்தான் சொன்னாள்: "ஒண்டுக்குப் போகணும் எண்டு தொப்பிய என்ட கையில தந்தா. பத்தைக்குள்ள போனா. அங்கால மிதிவெடி கிடக்கு."

மஜீத் நானா அந்த வீதியில் வானைத் திருப்பிய விதத்தை நான் மறக்கமாட்டேன். சேர் வெட்டிய ஊரை எழுதினவள் நான். இல்லாத கக்கூசை இருக்கு என்றவள் நான். எண்ணினவளும் நான். மாமாங்கேஸ்வரரே, அந்த மனிசியை முழுசாகத் தா என்று வழி நெடுக வேண்டிக்கொண்டு வந்தேன்.

துறைக்குத் திரும்பி வந்தபோது பாதை எங்கள் பக்கக் கரையில்தான் கட்டிக் கிடந்தது. பாதைக்காரர் அதன் மேலேயே தோள் துண்டால் முகத்தை மூடிப் படுத்திருந்தார். வானையும் மற்றவர்களையும் விட்டுவிட்டு நானும் ரமணனும் ஏறினோம். பின்னால் அந்த மனிசியும் ஏறினாள். அவளைக் கண்டதும் பாதைக்காரரின் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. கயிற்றை இழுத்தபடி, குனிந்துகொண்டு கேட்டார்.

"இவவ எங்க கண்டீங்க?"

"வானுக்குள்ள. ஆர் இவ?"

"என்ட தங்கச்சி மாதிரி இருப்பா."

"மாதிரியா?"

"தங்கச்சிய நான் சுனாமியோட புதைச்சுட்டன் மிஸ். முகம் இல்ல. நான்தான் சீலையப் பாத்து ஓம் எண்டு சொன்னன். பேரப் பதிஞ்சாங்க. முப்பத்தொண்டாம் நாள் படையலும் குடுத்தம். அதுக்குப் பிறகு ஒருநாள் இவ வந்தா, பொலன்னறுவ ஆஸ்பத்திரியிலிருந்து எண்டு." நாலு இழுவை இழுத்தார். "சோறு வைக்கிறன். கொட்டில்ல படுக்கிறா. பேர் சொல்லிக் கூப்பிடுறல்ல. அது மண் போட்ட பேர்."

அவள் மிதவையின் மற்ற முனையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டிருப்பாள். கேட்காதமாதிரி நின்றாள்.

கரையில் யாரும் இல்லை. கொட்டிலின் பின்னால் செல்வநாயகி அம்மாவின் செருப்பு இரண்டும் சேறு படாமல் ஒதுக்கி வைத்தபடி கிடந்தன. அதிலிருந்து வெறுங்கால் அடிகள் பற்றைக்குள் போயின. மண்டை ஓடு கீறிய சிவப்புப் பலகை மழையில் சாய்ந்து முகம் உள்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. போகிறவருக்குத் தெரியாது. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும்.

ரமணன் "அம்மா! அம்மா!" என்று கத்தினார். ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு பெரிய பற்றைக்காட்டில் ஒரு இலை அசையவில்லை. அவர் உள்ளே பாயப் போனார். நானும் பாதைக்காரரும் சட்டையைப் பிடித்து இழுத்தோம். "அம்மா!" திரும்பவும் ஒன்றும் இல்லை. அவர் அழத் தொடங்கிவிட்டார்.

எனக்கு அப்போதுதான் தாள் நினைவுக்கு வந்தது. கைப்பையிலிருந்து எடுத்தேன். ஐந்து வருடமாக நான் ஒரு பெயரையும் கூப்பிட்டதில்லை. பின்னால் ஆற்றுத் தண்ணீர். "துறையில வேணாம் மிஸ்" என்றார் பாதைக்காரர், என்னைப் போல வளர்ந்தவர்தானே அவரும். நான் கூப்பிட்டேன். "செல்வநாயகி!" மரியாதை சேர்க்கவும் மறந்துபோனேன். பத்து மட்டும் எண்ணிவிட்டு, "செல்வநாயகி!" மூன்றாம் தரம் கூப்பிட எனக்கு வாய் எழவில்லை. பள்ளிக்கூட விறாந்தையில் சேர் ஏன் இறங்கிப் போனார் என்று அந்த இடத்தில் எனக்கு விளங்கியது. கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டேன்.

"ஓம் பிள்ள. இஞ்சதான் நிக்கிறன்."

மெல்லிய குரல். முப்பது அடிக்குள்தான். "மகன வர விடாதீங்க. அவன் வந்திருவான் எண்டுதான் வாய் திறக்கல்ல."

திரும்பிப் பார்த்துப் பலகையைக் கண்ட இடத்திலேயே அந்த அம்மா ஒன்றரை மணித்தியாலமாக அசையாமல் நின்றிருக்கிறார். பாதை போவதைக் கண்டிருக்கிறார், கத்தியிருக்கிறார், கேட்கவில்லை. மகனின் குரல் கேட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றிருக்கிறார். பாதைக்காரர் சத்தம் வைத்தார்: "வந்த அடியிலயே கால வைங்கம்மா. புது இடத்தில மிதிக்காதீங்க. அவசரமில்ல." சேற்றில் தன் அடியைத் தானே மிதித்து மிதித்து அவர் வெளியே வந்தார். நான் காலில் விழுந்துவிட்டேன். "எழும்பு பிள்ள, முதல்ல எனக்குத் தண்ணி தா" என்றார்.

நாங்கள் பாதையில் ஏறினோம். அந்த மனிசி கரையிலேயே நின்று தொப்பியை நீட்டினாள். செல்வநாயகி அம்மா வாங்கவில்லை, "வச்சிருங்க" என்றார். அவள் என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"என்ட பேரையும் ஒருக்காக் கூப்பிடுங்க மிஸ்."

"என்ன பேர்?"

"பூமணி."

பாதைக்காரர் கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "கூப்பிடாதீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சினார். கூப்பிட்டால் யார் பதில் சொல்வார்கள் என்று அவருக்குப் பயம். எனக்கும் இருந்தது. ஆனால் அன்று என் பிழையால் ஒரு மனிசி சாகப் பார்த்தாள், இன்னொருத்தி கேட்கிறதோ ஒரு சொல். தாளில் இருக்கிறமாதிரியே தாளைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"பூமணி."

"ஓம்" என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, "இருக்கிறன்" என்றாள்.

பாதைக்காரர் மிதவையின் பலகையில் அப்படியே குந்திவிட்டார். பிறகு எழும்பி எங்களை அக்கரைக்கு இழுத்தார். வானில் ஏறி ஒன்பது பெயரையும் கூப்பிட்டு ஒன்பது 'ஓம்' வாங்கினேன். வான் திரும்பும்போது பார்த்தேன். அவர் பாதையைத் திரும்பவும் இழுத்துக்கொண்டு அவள் நின்ற கரைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஏற்றுவதற்கு அந்தக் கரையில் வேறு ஒருவரும் இருக்கவில்லை.

மிச்ச நாலு நாளும் தாளில் எழுதியபடியே நடந்தது. கொழும்பில் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்து சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கக்கூஸ் பொய்யையும் சேர்த்து. நாலு பாஷையும் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் ஏசவில்லை. ஒன்றையேதான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"அண்ணன் சீலையப் பாத்து ஓம் எண்டவரா?"

"ஓம் சேர்."

"முகம் இல்லயா?"

"இல்லையாம்."

"ஆனா அவ இருந்தா."

அப்போதுதான் நான் செய்த வேலை எனக்கு உறைத்தது. இவ்வளவு காலமும் மூடிக்கிடந்த ஒரு கதவை நான் திறந்துவிட்டிருக்கிறேன். உடல்களைப் பார்க்க ஏன் போகவில்லை என்று அன்றைக்கு அவரே சொன்னார். "போனா ஒண்ட இதுதான் எண்டு காட்டவேண்டி வரும் கமலா. நான் காட்டினா அது டொறின் ஆகிரும்."

ஒரு கிழமை கழித்து என்னைக் கூப்பிட்டார். "எனக்கு ஒரு பயணம் எழுது. அஞ்சு நாள். கொழும்பால சுத்தி, கரையப் பிடிச்சு ஊருக்கு வரவேணும்."

"எத்தன பேர் சேர்?"

"ஒராள்."

"பாக்கிற இடம்?"

"துறை. ஆஸ்பத்திரி. மடம். கடலுக்குக் கிட்ட உள்ளது எல்லாம்."

வாழ்க்கையில் நான் எழுதியதில் அதுதான் திறமான பயண ஒழுங்கு. சொல்லக்கூடாது, ஆனாலும் உண்மை. தென்கரை முழுக்கச் சுற்றி, பொத்துவிலால் மேலேறி வருகிற வழி. அவருடைய முழங்காலுக்கு ஏற்ற நிறுத்தம், சீனி குறைத்த சாப்பாடு, ஒவ்வொரு இடத்துக்கும் இருபது நிமிடம். பயண நோக்கம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'சுற்றுலா' என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது? அவர் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மஜீத் நானா வான் ஓட்டினார்.

ஐந்து நாளும் தாளின் பிரதியை முன்னால் வைத்து, இப்போது எங்கே நிற்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் காலையில் மஜீத் நானாதான் முதலில் கந்தோருக்கு வந்தார். பகிடி ஒன்றும் இல்லை. கதிரையின் விளிம்பில் இருந்தார்.

"எல்லா இடத்திலயும் இறங்கினார் மிஸ். கடலப் பாத்து நிண்டு மூணு தரம் பேரச் சொல்லிக் கூப்பிடுவார். சனம் பாக்கும். கொஞ்சம் நிண்டு கேப்பார். பிறகு வந்து ஏறுவார். இப்பிடியே அஞ்சு நாள். நேத்து பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு பெரியகல்லாறு. அதான் கடைசி. இறங்கி, கடலுக்கு முகம் குடுத்து நிண்டு கூப்பிட்டார். மூணாம் தரம் கூப்பிட்டு முடியல்ல, பின்னால தென்னந் தோப்புக்குள்ள இருந்து ஓம் எண்டு ஒரு சத்தம். பொம்புளக் குரல். அல்லாஹ் அறிய நானும் கேட்டன்."

"ஆரு?"

"தெரியா மிஸ். நான் வானுக்குள்ள. எனக்கு மரம்தான் தெரியுது. சேர் ஒருக்காத் திரும்பியிருந்தா நேரா அந்தப் பக்கம்தான். திரும்பல்ல. அப்பிடியே குனிஞ்ச தலையோட வந்து ஏறினார். போதும் மஜீத், வீட்ட போவம் எண்டார்."

சேர் வழக்கம்போல ஒன்பது மணிக்கு வந்தார். தாடி மழித்திருந்தார். சட்ட மட்டையைக் கொண்டுவரச் சொல்லி, வெட்டியிருந்த வரியின் கீழே அதே வரியைப் புதிதாக எழுதினார். நான் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றேன். வாவியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒருக்காத் திரும்பிப் பாத்திருக்கலாமே சேர்."

எழுதுவதை நிறுத்தாமலே சொன்னார்.

"பாத்திருந்தா அது டொறின் இல்ல எண்டு தெரிஞ்சிருக்கும் கமலா."